ஒரு மூச்சு வாக்கியத்துக்காக மேடு அளந்தேன்

என் சொற்பொழிவின் முன்னுரை ஒரே வாக்கியம். அதை இடையில் மூச்சு விடாமல் சொல்லி முடிப்பேன். கோவில்பட்டியில் புகுமுக வகுப்புப் படித்த நாளில் அதற்கெனவே கைதட்டல் விழும். விழாவிட்டால், விழும்வரை நிறுத்தி நிற்பேன். அத்தகைய வாக்கியம், எப்போதும்வென்றான் என்னும் ஊரில் நடந்த பேச்சுப்போட்டியில் மூன்று துண்டாக உடைந்தது. குறை என் தமிழில் இல்லை. வழியில் கிடந்த ஏற்றத்தில் இருந்தது. அண்ணனின் சைக்கிளை அதில் மிதித்து ஏறி, இரைக்கும் நெஞ்சோடு மேடையில் நின்று, 'அவைத்தலைவர் அவர்களே' என்பதற்குள் இருமுறை மூச்சு வாங்கினேன்.

"ஏலே, தண்ணி குடுங்க. பையன் பொசுக்குன்னு போயிருவான் போல" என்றார் முன்வரிசைக்காரர் ஒருவர்.

தோற்றது நானல்ல, சாலைதான் என்று எனக்கு நானே தீர்ப்பு வழங்கிக்கொண்டேன். மறு ஆண்டுப் போட்டிக்கு ஒரு வாரம் முன்பே ஏற்றமில்லாத வழியைத் தேடிப் புறப்பட்டேன். பெரிய சாலையிலிருந்து பிரிந்து, பருத்திக் காடுகளின் ஊடே ஒரு சிற்றூரைத் தொட்டுச் செல்லும் வண்டிப்பாதை ஒன்று இருந்தது. அதில் எங்கே மேடு, எங்கே பள்ளம் என்பதை எந்த மாட்டுவண்டிக்காரரும் சொல்லியிருப்பார். கேட்பதெல்லாம் பேச்சாளனுக்கு இழுக்கு. ஆகவே இருமல் மருந்துக் குப்பி ஒன்றைக் கழுவி, சிறு காற்றுக்குமிழி மட்டும் மிஞ்சும்படி நீர் நிரப்பி மூடினேன். படுக்கவைத்தால் குமிழி உயர்ந்த பக்கம் ஓடும். இருநூறு மிதிக்கு ஒருமுறை இறங்கி, பலகைத் துண்டின்மேல் குப்பியைக் கிடத்தி, கன்னம் மண்ணில் படப் பார்த்து, நோட்டில் எழுதிக்கொண்டே சென்றேன்.

சிற்றூரின் முகப்பில் அப்படிக் கிடந்தபோது, தலையில் ஒன்றும் இடுப்பில் ஒன்றுமாகக் குடம் சுமந்து வந்த பெண் ஒருத்தி நின்றாள்.

"சார், குழாய் போடவா அளக்குதீங்க?"

அதுவரை என்னை எவரும் 'சார்' என்றதில்லை. மறுப்பதற்குத் திறந்த வாயில் மேடைப் பயிற்சி வந்து உட்கார்ந்தது. "அளவை நடந்துகொண்டிருக்கிறது" என்றேன். அதில் பொய் இல்லை என்பதே என் சாமர்த்தியம்.

"போன தடவ வந்தவிய, எங்க ஊரு மேடு, தண்ணி ஏறாதுன்னுட்டுப் போயிட்டாவ. நீங்க நல்லாப் பாத்துச் சொல்லுங்க. மேடா, பள்ளமா?"

நோட்டைப் புரட்டினேன். "பள்ளம். ஐயமே வேண்டாம். அடுத்த ஞாயிறு இதே வழியில் வருவேன்."

அவள் குடங்களை இறக்கி வைத்துவிட்டு ஊருக்குள் ஓடினாள். "ஏட்டி, நம்ம ஊரு பள்ளமாம்!" என்ற குரல் பின்னால் கேட்க, நான் வெகுவேகமாக மிதித்தேன்.

போட்டி நாளன்று வெள்ளைச் சட்டையும் முழு மூச்சுமாக வண்டிப்பாதையில் திரும்பினேன். கரிசல் காட்டில் எதுவும் மறையாது. தொலைவிலேயே தெரிந்தது: சிற்றூர் முகப்பில் ஒரு கூட்டம், ஒருவர் கையில் வெள்ளைத் தாள். மனு! நூறு பேர் அவையில் அஞ்சாத நான், பத்துப் பதினைந்து பேரைக் கண்டு சைக்கிளைத் திருப்பினேன். மிஞ்சியது ஏற்றமுள்ள சாலை. நேரமும் போய்விட்டதால், அதைச் சென்ற ஆண்டைவிட விரைந்து ஏற வேண்டியிருந்தது. 'நாட்டை உயர்த்துவது சொல்லா, செயலா?' என்பது தலைப்பு. சொல்லின் பக்கம் பேசினேன். முன்னுரை ஐந்து துண்டாயிற்று.

திரும்புகையில் பெரிய சாலையின் அந்த ஏற்றம் இறக்கமாகிவிடும், மிதிக்கவே வேண்டாம். ஆயினும் வண்டிப்பாதையில் போனேன். கூட்டம் கலைந்திருந்தது. அவள் மட்டும் குடத்தோடு வந்துகொண்டிருந்தாள்.

"நான் சார் இல்லக்கா. குழாயப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது. பேச்சுப் போட்டிக்குப் போக மேடில்லாத வழி பாத்தேன்." என் வாழ்நாளின் மிகச் சிறிய சொற்பொழிவு அதுதான்.

"பேசப் போறவன் வாயத்தானலே அளக்கணும்? ரோட்ட எதுக்கு அளந்த?" என்றாள். சற்று நின்று, "அப்ப, பள்ளம்னியே? எதவிடப் பள்ளம்?"

"அதுக்கு முன்னால அளந்த அந்தப் பனைமரத்தடியவிட."

"கெணத்துலருந்து கொடத்தோட ஏறி வாரவளக் கேட்டிருந்தா, மேடுன்னு நானே சொல்லியிருப்பேனே."

கோபத்தோடே குடத்தைச் சாய்த்தாள். இரு கையேந்திக் குடித்தேன். பிறகு இடுப்பில் செருகியிருந்த மனுவை எடுத்து நீட்டினாள். "நல்லா எழுதுவேல்லா? இதத் திருத்தி எழுதிக் குடு. வாசிச்சும் காட்டு."

சைக்கிள் இருக்கையில் நோட்டை வைத்து, என் தரத்துக்கு ஏற்ற முன்னுரையாகவே எழுதினேன். மூச்சு விடாமல் வாசித்தும் முடித்தேன். அன்று அது உடையவில்லை.

"எல்லாஞ் சரி. இதுல தண்ணிய எங்கன கேட்டிருக்க?" என்றாள்.

முழுவதையும் அடித்துவிட்டு, தண்ணீரிலிருந்து தொடங்கினேன்.