திரை மேடம்

கறுப்புத் திரையை இழுத்துவிட்டுக்கொண்டு, அதற்குப் பின்னால் முக்காலியில் மூச்சடக்கி உட்கார்ந்திருக்கிறார் மேடம். அந்தப் பக்கம் ஓர் எலி, வழி இரண்டாகப் பிரிகிற இடத்தில் நின்று இடமும் வலமும் திரும்பிப் பார்க்கிறது. ஒரு கோடியில் பிஸ்கட் தூள், மறுகோடியில் பழச்சாறு. எலியின் மூளையில் செருகிய, முடியைவிட மெல்லிய கம்பி வழியாக ஸ்பீக்கரில் படபடவென்று சத்தம் பொரிகிறது. கால் நகரும் முன்பே மூளை இரண்டு வழியிலும் போய்ப் பார்த்துவிட்டு வருகிற சத்தம். அதைக் கேட்டுக் கேட்டே அவருக்குத் தலை நரைத்துவிட்டது.

மூளை எப்படி முடிவெடுக்கிறது என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. திரையைத் தாண்டி யாராவது எட்டிப் பார்த்தால் பிடி பிடியென்று பிடித்துவிடுவார். "நாம சாயற பக்கம் அது போயிடும்ப்பா. அப்புறம் அது எடுத்த முடிவா, நீ எடுத்ததா?" சென்ட் போட்டு வந்த மாணவர்களை வாசலோடு விரட்டியிருக்கிறார். ஹோட்டலில் கூட வந்தவர்கள் "என்ன சாப்பிடலாம்?" என்று கேட்டால், மெனு கார்டுக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்வார்.

மகள் கடல் தாண்டிப் படிக்கப் போனதிலிருந்து வீட்டில் தனி ஆள். மகள் தேய்த்துக் குளிக்கும் சோப்பையே இன்னும் வாங்குகிறார். ஆய்வுக்கூடத்துக்கு வாசனை ஆகாதாகையால் ஞாயிற்றுக்கிழமை மட்டும் அதைப் போட்டுக் குளித்து, அன்று முழுக்கப் புறங்கையை முகர்ந்துகொண்டிருப்பார். ஏங்கிப் போயிருக்கிறார் மனுஷி. கேட்டால், "அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்பார்.

இன்று மகளிடமிருந்து போன். இரண்டு வேலை கிடைத்திருக்கிறது. ஒன்று அங்கேயே, பெரிய வேலை. இன்னொன்று இந்த ஊரில். சாயங்காலத்துக்குள் பதில் சொல்ல வேண்டுமாம்.

"எதை எடுத்துக்கட்டும்மா?"

"ரெண்டுமே நல்லதுதாண்டி. உனக்கு எது பிடிக்குதோ..."

"அப்பா உயிரோட இருந்திருந்தா பளிச்சுன்னு சொல்லியிருப்பாரு. நீயும் ஒரு வார்த்தை சொல்லேன்மா."

சொன்னால் வந்துவிடுவாள். அதுதான் பயம். பெரிய வேலையை அம்மாவுக்காக விட்டோமே என்று என்றைக்காவது அவள் மனசு கசந்துவிட்டால்? சொல்லாவிட்டாலோ, அங்கேயே தங்கிவிடுவாள். 

போனைக் காதிலிருந்து எடுத்தார். அதன் கீழ்முனையை உள்ளங்கையால் பொத்திக்கொண்டார்.

"வந்துடுடி கண்ணு" என்றார், யாருமில்லாத அறையில். "என்னால முடியலடி."

"அம்மா? லைன்ல இருக்கியா?"

பொத்திய கையை இன்னும் இறுக்கிக்கொண்டார்.