கோல் விழுந்தால் சாவி தொலையும்

மைக் பிடிக்கிற வேலையில் தொண்டை முதலில் போகாது, நிம்மதிதான் முதலில் போகும். கல்யாண மண்டபத்திலோ கோயில் திருவிழாவிலோ பஸ் ஸ்டாண்டிலோ அறிவிப்பு செய்து பழகியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கொச்சி மட்டாஞ்சேரியில் எங்கள் கால்பந்து கிளப்பின் பழைய மைதானத்தில் இருபத்திரண்டு வருஷம் நான் அறிவிப்பாளராக இருந்தேன். போன வருஷம் அந்த மைதானத்தை இடித்தார்கள். ஊரே அழுதது. நான் வீட்டுக்கு வந்து நன்றாகத் தூங்கினேன். ஏன் என்று சொல்கிறேன்.

வயர் போகும் வழி

மைக் செட்காரர் பெட்டியை இறக்கி வைத்ததும் போய்விடுவார். வயரை இழுத்துக்கொண்டு போய் எதிர்ப்பக்கத்து ஸ்பீக்கரில் மாட்டுவது என் வேலை. அந்த வயர் கிழக்கு கேலரியின் அடியில் போகும். கமுகு மரத்தில் ஒரு சீசனுக்கு என்று கட்டிய கேலரி அது. பிரிக்க யாருக்கும் மனம் வராமல் அப்படியே நின்றுவிட்டது. மேலே உட்காருகிறவர்களுக்குப் பலகை மட்டும்தான் தெரியும். அதைத் தாங்கும் மரக்கால்கள் எனக்கு மட்டும்தான் தெரியும். ஒரு மழைக்காலத்தில், வழுக்காமலிருக்க ஒரு காலில் குடையை ஊன்றினேன். வாழைத்தண்டில் இறங்குவதுபோல் குடைமுனை உள்ளே போயிற்று. அடுத்த காலும் அப்படித்தான்.

மேல் வரிசையின் நடுவில், ஒவ்வொரு ஆட்டத்துக்கும் அதே இடத்தில், என் கணவர் உட்காருவார். இஞ்சிக் கிடங்கில் வேலை முடிந்து நேரே வந்துவிடுவார். எங்கள் அணி கோல் அடித்தால் கேலரி முழுக்க எழுந்து நின்று இரண்டு காலாலும் பலகையை மிதிப்பது அங்கே வழக்கம். அவர்தான் அதில் முதல் ஆள். கீழே வந்து உட்காருங்கள் என்று கேட்டுப் பார்த்தேன். உனக்கு எதைப் பார்த்தாலும் துக்கம்தான் என்று சிரித்தார். கிளப் செயலாளர் வர்க்கிச்சேட்டனிடம் போனேன். நான் பி.ஏ. படித்தவள் என்பதால் அவர் என்னை டீச்சர் என்பார். ஒரு நாளும் நான் பாடம் எடுத்ததில்லை. குடைமுனையில் ஒட்டியிருந்த ஈரத் தூளைக் காட்டினேன். அதை விரலில் எடுத்துத் தேய்த்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "டீச்சரே, நம்ம ஆளுங்க உட்கார்ந்தா அந்த வெயிட்டிலேயே அது நிக்கும். அடுத்த சீசன்ல பார்க்காம்."

ஒரே ஒரு நாள் உண்மை

அடுத்த சீசன் வந்தது. இரண்டு காலுக்கு முட்டுக் கொடுத்தார்கள், அவ்வளவுதான். பொறுக்க முடியாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆட்டம் தொடங்குமுன் மைக்கில் சொல்லிவிட்டேன். கிழக்கு கேலரியின் கால்கள் உளுத்திருக்கின்றன, தயவுசெய்து இறங்கிவிடுங்கள் என்று.

பாதிப் பேர் இறங்கினார்கள். எனக்கு உயிர் வந்தது. ஆனால் இறங்கியவர்கள் வெளியே போகவில்லை. வரிசையாகக் குனிந்து கேலரிக்கு அடியில் நுழைந்தார்கள். மீதிப் பாதி மேலே உட்கார்ந்திருக்க, ஆளுக்கொரு காலைக் கட்டிப்பிடித்து ஆட்டிப் பார்த்தார்கள். மைக்கைப் பிடித்தபடி கண்ணை மூடிக்கொண்டேன். சற்று நேரத்தில் அலியார்க்கா என் மேஜைக்கு வந்தார். வைப்பின் தீவிலிருந்து ஃபெர்ரி ஏறி எல்லா ஆட்டத்துக்கும் வருகிற மீன் வியாபாரி; இக்கா என்றால் அங்கே அண்ணன். கையைத் தட்டித் தூசியை உதறிவிட்டு அவர் சொன்னார்: "சேச்சி, ஆட்டி நோக்கியாச்சு. ஆடுது. ஆனா விழலை. களி தொடங்கட்டும், விசிலடிக்கச் சொல்லுங்க."

சாவிக்கொத்து

உண்மை உதவாது என்று தெரிந்த பிறகு வேறு வழி தேடினேன். பந்து வலைக்குப் போகிற கணத்தில், கூட்டம் எழுவதற்குள், நிதானமான குரலில் சொல்வேன்: "ஒரு சாவிக்கொத்து கிடைத்திருக்கிறது. வீட்டுச் சாவிபோல் தெரிகிறது." உடனே எல்லாக் கைகளும் சட்டைப் பைக்கும் முண்டு மடிப்புக்கும் போகும். மடியைத் தடவிக்கொண்டே யாராலும் பலகையை மிதிக்க முடியாது. சாவி பத்திரமாக இருக்கிறது என்று தெரிந்து அவர்கள் நிமிரும்போது, பந்து மறுபடி நடுவில் வந்திருக்கும். மேல் வரிசை நடுவில், என் கணவரின் இடத்தில், ஒரு வெள்ளைச் சட்டையும் பையைத் தடவிக்கொள்வதைப் பார்ப்பேன்.

சாவி அலுத்தபோது மூக்குக் கண்ணாடி, அதன்பிறகு பர்ஸ். வீட்டில் அவர் குறைப்பட்டுக்கொள்வார், ஒரு கோலையாவது வாய்விட்டுச் சொல்லக்கூடாதா என்று. எங்கள் அணி நன்றாக ஆடிய வருஷங்களில் மட்டாஞ்சேரியில் எதுவுமே பத்திரமாக இல்லை. கடைசியில் சந்தேகப்பட்டவரும் அலியார்க்காதான்: "அதென்ன சேச்சி, நம்மாள் கோல் அடிச்சா மட்டும் சாவி போகுது? எதிராளி அடிச்சா ஒருத்தனும் ஒண்ணும் தொலைக்கிறதில்லையே."

தவறிய நாள்

ஒரே ஒரு தடவை தவறினேன். இறுதி ஆட்டம். சாரல். கடைசி நிமிஷத்தில் எங்கள் பையன் ஒருவன், விழுந்துகொண்டே, தலையால் பந்தைத் தள்ளினான். அது மெதுவாக, ஏதோ யோசித்துக்கொண்டு போவதுபோல, கோட்டைத் தாண்டியது. அழகு ஆளை மறக்கச் செய்யும். "கோல்" என்று கத்திவிட்டேன், மூச்சு முடியும்வரை.

கேலரி முழுக்க எழுந்தது. மிதித்தது. பெரிய கப்பல் கடந்தபின் காயலில் படகு தாழ்ந்து எழுமே, அப்படி மேல் வரிசை தாழ்ந்தது. வெள்ளைச் சட்டை கண்ணிலிருந்து மறைந்தது. பிறகு எழுந்தது. நான் சாவி, சாவி, சாவி என்று மைக்கில் சொல்லிக்கொண்டே இருந்தேனாம். எனக்கு நினைவில்லை. ஆட்டம் முடிந்ததும் வயரைக்கூடச் சுருட்டாமல் கேலரியைப் பார்த்து நடந்தேன். நனைந்த தலையோடு அவர் வந்தார், முகமெல்லாம் சிரிப்பு: "இன்னிக்குத்தான் நீ ஒழுங்கா ஒரு கோல் சொன்னே."

கயிறு இறுகுமுன்

இடிக்கிற அன்று நாங்கள் இருவரும் போனோம். பலர் படம் எடுத்தார்கள். வயதான அலியார்க்கா ஒரு துண்டுப் பலகையைப் பேரனிடம் கொடுத்து வீட்டுக்கு எடுத்துப்போகச் சொன்னார். கேலரியைப் பிரிக்க வந்தவர் விழுப்புரத்துக்காரர், முருகேசன். எங்கள் தமிழ்ப்பேச்சு கேட்டதும், தள்ளி நில்லுங்கம்மா என்று அன்பாகச் சொன்னார். நடுக்காலில் கயிற்றைச் சுற்றி, முடிச்சை இறுக்குவதற்காகக் கையால் லேசாக இழுத்தார். கயிற்றை இழுக்கும் இயந்திரத்தை இன்னும் கிளப்பவில்லை. சாயாவில் ஊறிய ரஸ்க்போல் கால் கையோடு வந்தது. அவர் பின்னால் தாவினார். கேலரி முழுதும், அவசரமில்லாமல், களைத்த மாடு மண்டியிடுவதுபோல் உட்கார்ந்தது. யாரும் மேலே இல்லை. யாருமே இல்லை. தூசி அடங்கும்வரை அதையே சொல்லிக்கொண்டிருந்தேன்.

என் கணவர் தான் உட்காரும் இடம் இருந்த உயரத்தை, வெறும் வானத்தை, பார்த்துக்கொண்டு நின்றார். ஆட்டோவில் திரும்பும்போது பாதி வழியில், அந்தச் சாவி ஒரு தடவையாவது நிஜமாகக் கிடைத்ததா என்று கேட்டார். இல்லை என்றேன். அவர் கை தானாகச் சட்டைப் பைக்குப் போயிற்று. வீட்டுச் சாவி இருந்தது. அதை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து மூடினார்: "அத்தனை வருஷமும் நானும்தானே தடவிப் பார்த்தேன்."

இருபத்திரண்டு வருஷத்தில் மைக்கில் நான் சொன்ன அந்த ஒரே உண்மையை ஊர் ஆட்டிப் பார்த்தது, பொய்களை மட்டும் அப்படியே நம்பிப் பத்திரமாக வீடு போய்ச் சேர்ந்தது.