சகலையின் மூன்று மணி நேரம்

என் சகலையைப் பார்த்து நான் பொறாமைப்பட்டது கீழ்க்கட்டளையில் அவர் கட்டிய மாடி வீட்டுக்காக அல்ல, அவருடைய மூத்திரப்பைக்காக. என் மனைவியின் அக்காள் கணவர் அவர், என்னைவிட மூத்தவர். அந்த வயதிலும் ஓரிடத்தில் உட்கார்ந்தால் இடித்த புளி மாதிரி உட்கார்ந்திருப்பார். எனக்கோ வாத்தியார் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு இந்தத் தொல்லை ஆரம்பித்தது. குரோம்பேட்டையிலிருந்து தாம்பரம் வரைக்கும் ஜி.எஸ்.டி. ரோட்டில் எந்த ஓட்டலில் கேள்வி கேட்காமல் உள்ளே விடுவார்கள் என்பது எனக்கு அத்துப்படி. போய் நின்றால் உடனே வந்துவிடுமா? கெஞ்ச வைத்து, சொட்டுச் சொட்டாக வரும். கை கழுவுவதற்குள் மறுபடி முட்டும்.

"அத்தானைப் பாருங்க. கேளம்பாக்கம் போய்ட்டு வர்ற வரைக்கும் வண்டிய எங்கயும் நிறுத்தச் சொல்லல," என்பாள் என் மனைவி. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். டாக்டரைப் பார்க்கச் சொன்னால் இன்னும் கோபம் வரும்.

பெரிய வெள்ளியன்று எங்கள் சபையில் பன்னிரண்டிலிருந்து மூன்று மணி வரை ஆராதனை. சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகளைப் பற்றி ஏழு பேர் பேசுவோம். ஐந்தாவதான 'தாகமாயிருக்கிறேன்' பல வருஷமாக என்னுடையது. நடுநடுவே கீர்த்தனை பாட எல்லோரும் எழுந்து நிற்பார்கள். அந்தச் சந்தடியில் நான் நழுவிப் போய்விட்டு வந்துவிடுவேன். சகலை முன்வரிசையை விட்டு அசைய மாட்டார். என் கண் சிலுவையில் இருந்ததைவிட அவர் முதுகில்தான் அதிகம் இருந்தது.

அந்த வருஷம் போதகர் என்னைத் தனியாக அழைத்தார். "சார், உங்களுக்கு அடிக்கடி எழுந்து போக வேண்டியிருக்கு. அஞ்சாம் வார்த்தைய உங்க சகலைகிட்ட குடுத்துடலாமா?"

யாரிடம் வேண்டுமானாலும் கொடுக்கட்டும், அவரிடமா! "இந்தத் தடவை எழுந்திருக்கவே மாட்டேன், பாருங்க ஐயா," என்றேன். சரி என்று சொல்லிவிட்டு, ஆறாம் வார்த்தையைச் சகலைக்குக் கொடுத்தார். நான் ஒருமுறை எழுந்து போனாலும் என் வார்த்தை அடுத்த வருஷம் அவர் கைக்குப் போய்விடும் என்பது எனக்குப் புரிந்தது.

வியாழன் சாயங்காலத்திலிருந்து தண்ணீரைத் தொடவில்லை. உபவாசம் என்று நினைத்து மனைவி மெச்சிக்கொண்டாள். நானும் இல்லை என்று சொல்லவில்லை.

அப்படியிருந்தும் நாலாம் வார்த்தையிலேயே முட்டியது. மற்றவர்கள் கீர்த்தனை பாட, நான் கால்களை இறுக்கிக்கொண்டு நின்றேன். இந்த மனுஷனால் முடியும்போது என்னால் முடியாதா? என் முறை வந்தபோது நாக்கு மேல்வாயோடு ஒட்டிக்கொண்டது, குரல் கம்மியது. பெண்கள் பக்கம் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அதைப்போல நான் அதற்குமுன் பேசியதே இல்லை.

இறங்கியதும் போதகருக்குக் கொடுத்த வாக்கையும் மறந்து நேரே பின்பக்கக் கழிவறைக்குப் போய் நின்றேன். ஒரு சொட்டுகூட வரவில்லை. அடிவயிறு கல்லாகிவிட்டது. வேர்த்துக் கொட்டியது. வெளியே ஸ்பீக்கரில் சகலை 'முடிந்தது' என்ற ஆறாம் வார்த்தையைக் கணீரென்று பேசிக்கொண்டிருந்தார். அந்த வலியிலும் அந்தக் குரலைக் கேட்க எனக்கு எரிச்சலாக இருந்தது.

பேசி முடித்த பிறகு என்னைத் தேடி வந்தவரும் அவர்தான். ஆட்டோ பிடித்துப் பக்கத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். டியூப் போட்டார்கள். புராஸ்டேட் வீங்கியிருக்கும்போது இப்படியா அடக்கி வைப்பது என்று டாக்டர் திட்டினார். கட்டிலோரம் தொங்கிய பை மஞ்சளாக நிரம்பிக்கொண்டே வந்தது. உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது.

சகலை ஸ்டூலில் உட்கார்ந்து பையையே பார்த்துக்கொண்டிருந்தார். "நிக்காம வருதே," என்றார். "முழுசா வந்துடுச்சா?"

"வந்துடுச்சுண்ணா. நீங்க குடுத்து வச்சவர். உங்களுக்கு இந்த அவஸ்தையெல்லாம் தெரியாது."

அவர் கதவுப் பக்கம் பார்த்துவிட்டுக் குனிந்தார். "நான் எப்படி உக்காந்திருக்கேன்னு நெனச்சே? பேரனுக்குக் கட்டுற மாதிரி டயப்பர் கட்டிக்கிட்டுத்தான். இப்பவும் நனைஞ்சுபோய்த்தான் உக்காந்திருக்கேன். வீட்ல அவளுக்கு மட்டும்தான் தெரியும். உனக்குப் பாரு, ஒரு சொட்டுகூடத் துணியில படாம பையிலயே போயிடுது."

சொல்லிவிட்டு மறுபடி பையைப் பார்த்தார். அவருக்கு வயிறு எரிகிறது என்று எனக்குத் தெரிந்தது. அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. பையைப் பாதி மறைத்திருந்த போர்வையை ஒதுக்கிவிட்டேன், மனுஷன் நன்றாகப் பார்க்கட்டும் என்று.