பேராதனையிலிருந்து ஹுன்னஸ்கிரியவுக்கு ஒரு மில்லிலீற்றர்

மலை பார்க்கப் போகிறவர்களுக்கு இந்தப் பதிவில் பெரிதாக ஒன்றும் இல்லை. போன செவ்வாய்க்கிழமை நான் மடியில் ஐஸ் பெட்டியை வைத்துக்கொண்டு போனேன். வழியில் எந்த மலையையும் நிமிர்ந்து பார்த்ததாக ஞாபகமில்லை.

ஹுன்னஸ்கிரியவில் ஒரு ஹாஜியார் யூனானி மருந்து செய்கிறார். உரிய அனுமதியோடு கஞ்சா இலை சேர்த்த லேகியம் ஒன்றும் அதில் உண்டு, இடுப்பு வலிக்கு. அதில் போதைச் சத்து அளவோடு இருக்கிறதா என்று அளந்து கையெழுத்துப் போடுவது என் வேலை. கலஹாவிலிருந்து வாரம் இரண்டு நாள் போய் வருகிறேன். திங்கட்கிழமை ஹாஜியார் போன் பண்ணினார். புதிய லேகியம் வாங்கிய இரண்டு பேருக்குத் தலை சுற்றுகிறதாம். காரணம் எனக்குத் தெரியும்.

அளக்கும் இயந்திரத்துக்கு ஒரு நியமக் கரைசல் வேண்டும். இதில் இவ்வளவு சத்து இருக்கிறது என்று சான்றிதழோடு, ஒரு மில்லிலீற்றர் கொள்ளும் சின்னக் கண்ணாடிக் குப்பியில் வரும். தராசுக்கு எடைக்கல் மாதிரி. கழுத்தை உடைத்தால் அன்றே பாவித்து மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். ஆனால் புதிய குப்பிக்கு அனுமதி வாங்க மாதக்கணக்கில் ஆகும். கொட்ட யாருக்கு மனசு வரும்? வாயில் மெல்லிய தாளைச் சுற்றிக் குளிர்ப்பெட்டியில் வைத்து, மூன்று வாரம் கழித்து இந்தப் புதிய லேகியத்தை அளக்க மறுபடி பாவித்தேன். அதற்குள் திரவம் கொஞ்சம் ஆவியாகி, கரைசல் தடித்திருக்கும். ஒரு கிலோ என்று எழுதிய கல் ஒன்றரைக் கிலோ இருந்தால் என்ன ஆகும்? தட்டில் ஒன்றரைக் கிலோ போட்டுவிட்டு ஒரு கிலோ என்போம்.

செவ்வாய் காலை 9.15க்கு, பேராதனையில் வேலை செய்யும் தோழியின் ஆய்வுகூடத்தில் உடைக்காத குப்பி ஒன்றைக் அனுமதிக் கடிதத்தைக் காட்டிக் கடனாக வாங்கினேன். கண்டி பஸ் நிலையம் வரை ஆறு கிலோமீற்றர், ஓட்டோவுக்கு எழுநூறு ரூபாய். மஹியங்கனை பஸ் 10.20க்கு எடுத்தது. ஹுன்னஸ்கிரியவுக்கு நூற்று அறுபது ரூபாய், தூரம் முப்பத்தைந்து கிலோமீற்றர் இருக்கும். வலதுபக்க ஜன்னலில் வெயில் அடிக்கும் என்பதால் இடதுபக்கம் உட்கார்ந்தேன்.

வழியில் பொலிஸார் பஸ்ஸை நிறுத்தினார்கள். பெட்டியில் என்ன என்று ஒருவர் சிங்களத்தில் கேட்டார். கஞ்சா என்று சொல்லவும் முடியாது, மருந்து என்று சொன்னால் முழு உண்மையும் இல்லை. திறந்தால் குளிர் போய்விடும். நல்ல வேளையாக, அனுமதிக் கடிதத்தைப் பெட்டிக்குள் வைக்காமல் கைப்பையில் வைத்திருந்தேன். அவர் அதை இரண்டு தடவை வாசித்தார். பஸ்ஸே என்னைப் பார்த்தது. அந்த நான்கு நிமிடத்தில் என் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது.

12.05க்கு இறங்கினேன். புதுக் குப்பியை வைத்து அதே லேகியத்தை மறுபடி அளந்தேன்; 2.40க்கு முடிவு வந்தது. போதைச் சத்து, இருக்க வேண்டியதைப் போல ஒன்றரை மடங்கு. புதுக் கரைசல் வேறு மாதிரி, அதனால்தான் கணக்கு மாறியது என்று சொல்லியிருந்தால் ஹாஜியாருக்குத் தெரிந்திருக்காது. ஒரு நிமிடம் அந்த நினைப்பும் வந்தது, வெட்கமாக இருக்கிறது. பழைய குப்பியை அவர் முன்னால் வைத்துச் சொல்லிவிட்டேன். அவர் கத்தவில்லை. வாங்கியவர்களின் பதிவுப் புத்தகத்தை எடுத்தார்.

"பன்னெண்டு போத்தல் போயிருக்கு, மகள். ஒவ்வொருத்தருக்கா கோல் எடுப்பம். நீங்களே சொல்லுங்க, அதுதான் சரி."

பதினொரு பேர் போனில் பேசினார்கள். ஒருவர் மட்டும் எடுக்கவில்லை. தேயிலை லொறி ஓட்டுகிறவர். காலையில் கண்டிக்குப் போனவர், ஐந்து மணிக்கு மேல் இந்தச் சந்தியால்தான் திரும்புவார் என்று ஹாஜியார் சொன்னார். வரும் வழியில் எத்தனை வளைவு என்று நான் அப்போதுதான் மனசுக்குள் எண்ணத் தொடங்கினேன்.

சந்தியில் நின்றபோது கைபேசியில் குறித்துக்கொண்டவை: இப்படிப் பெட்டியோடு போகிறவர்கள் காலை பஸ்ஸிலேயே போங்கள். பாடசாலை விடும் நேரத்தில் கண்டிக்குள் மாட்டினால் ஒரு மணித்தியாலம் போய்விடும். ஐஸ் கட்டி குப்பியைத் தொடாமல் நடுவில் துணி வையுங்கள். கடிதத்தில் இரண்டு பிரதி வேண்டும். திரும்பும் பஸ் எப்போது என்று இறங்கும்போதே கேளுங்கள், நான் கேட்கவில்லை. உடைத்த குப்பியில் மிஞ்சுவதைக் கொட்டுங்கள், எத்தனை மாதம் காத்திருந்து வாங்கியதாக இருந்தாலும்.

5.10க்கு லொறி வந்தது. நடு ரோட்டில் போய்க் கையைக் காட்டினேன். இறங்கியவருக்கு ஐம்பது வயது இருக்கும். லேகியத்தை இனிமேல் சாப்பிட வேண்டாம் என்றதும், ஆசனத்துக்குப் பின்னாலிருந்து போத்தலை எடுத்துத் தந்தார். பாதி காலி.

"ஒரு வாரமா ஓட்டும்போது கண்ணு சொக்குதுங்க," என்றார். "வயசாயிருச்சு, மாசக் கடைசியோட லொறிய விட்டுர்றேன்னு நேத்து தோட்டத்துத் தொரைகிட்ட சொல்லிட்டேன்."

"வயசில்லண்ணே," என்றேன். "நான் அளந்தது பிழை. வாங்க, தொரைகிட்ட நானே சொல்றேன்."