எர்த் இல்லாத வீடு

புது வீட்டில் வாஷிங் மெஷினைத் தொட்டு என் மனைவிக்கு ஷாக் அடித்தபோது, கட்டி விற்ற பில்டர் சொன்னது: "செருப்பு போட்டுக்கினு தொடச் சொல்லுங்க சார்."

இன்று எங்கள் திருப்போரூர் தெருவில், பக்கத்து வீட்டை ஒரு தம்பதிக்குக் காட்ட வந்த அதே பில்டர், என்னையே சாட்சிக்குக் கூப்பிட்டார். "சாரும் நம்மகிட்டதான் வாங்கினாரு. கேளுங்க, எதுனா கொறை கீதா?"

இரண்டு ஒயர் நீட்டிய பல்பு, அதாவது டெஸ்ட் லாம்ப்போடு போனேன். பிளக் பாயிண்டில் ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் வைத்தேன், பல்பு எரிந்தது. ஃபேஸுக்கும் எர்த்துக்கும் வைத்தேன், எரியவில்லை.

"இங்கேயும் எர்த் கிடையாது, மெஷினைத் தொட்டால் ஷாக் அடிக்கும்," என்றேன்.

தம்பதி காரில் ஏறிப் போய்விட்டார்கள்.

"இன்னா சார், இப்டி பேஜாரு பண்ட்டீங்க?"

வாசலில் அவர் கழற்றி வைத்திருந்ததைக் காட்டினேன். "செருப்பு போட்டுக்குங்க."

ஞாயிற்றுக்கிழமை வேறு யாருக்கோ காட்டப்போகிறாராம். நானும் பல்பும் வீட்டில்தான் இருப்போம். வேடிக்கை பார்க்க வருகிறவர்கள் சொல்லுங்கள், காபி போட்டு வைக்கிறேன்.