இடைவேளையில் இறக்கிய நான்கு கட்டைகள்

அவளை எல்லாரும் ‘காது’ என்றுதான் கூப்பிடுவார்கள். பியானோக்களுக்குச் சுருதி சேர்ப்பது அவள் தொழில். பள்ளிக்கூடம், ஓட்டல் வரவேற்பறை, பணக்கார வீடு என்று இருபத்திரண்டு வருடமாகத் தோல் பையோடு அலைந்தவள். வாய் கொஞ்சம் நீளம். பக்கத்து வீட்டு மிக்ஸி எந்தச் சுரத்தில் கத்துகிறது என்று யாரும் கேட்காமலே சொல்வாள். அதனால் பக்கத்து வீட்டோடும் அவ்வளவாகப் பேச்சுவார்த்தை கிடையாது.

அவளுடைய அக்கா பியானோ வாசிப்பவள். நாலு பேருக்குத் தெரிந்த பெயர். இருவரும் பேசி ஆறு வருடம் ஆகிறது. அம்மா இறந்த அடுத்த வாரமே, தங்கையிடம் ஒரு வார்த்தை கேட்காமல், வீட்டுப் பியானோவை அக்கா விற்றுவிட்டாள். காது போய்ப் பார்த்தபோது சுவரோரம் நீளவாக்கில் தூசி மட்டும் கிடந்தது. அன்றோடு முடிந்தது உறவு.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாலை, புத்தகக் கடையின் மாடியில் நாற்பது நாற்காலி போட்டு ஒரு சின்னக் கச்சேரி. முதல் பாதியில் அக்கா தனியாக மேற்கத்திய செவ்விசை வாசிப்பதாக ஏற்பாடு. இரண்டாம் பாதியில் அவளோடு சேர்ந்து வெளியூர்க்காரர் ஒருவர் ஊத் வாசிப்பார். பேரிக்காயைப் பாதியாக வெட்டியது போலிருக்கும் தந்தி வாத்தியம் அது. கடையிலிருந்த பியானோவுக்குச் சுருதி சேர்க்கக் கடைக்காரருக்கு வேறு ஆள் கிடைக்கவில்லை, காதைத்தான் கூப்பிட்டார்.

மதியம் ஊத்காரர் அவளிடம் தயங்கித் தயங்கிக் கேட்டார். “எங்க பாட்டுல ரெண்டு கட்டைக்கு நடுவுல ஒரு சுரம் வருங்க. பியானோவுல அது கிடையாது. அந்தம்மா அந்தப் பக்கமே போகாம வாசிக்கறேன்னுட்டாங்க. அப்படின்னா பாதிப் பாட்டு அவங்க சும்மா உட்கார்ந்திருக்கணும்.”

“நாலு கட்டையோட சுருதியைக் கொஞ்சம் இறக்கினா போதும். இடைவேளையில முடிச்சிடறேன்.”

கடைக்காரரும் தலையாட்டினார். அதை அக்காவிடம் போய்ச் சொல்லத்தான் அவருக்குத் துணிச்சல் வரவில்லை.

இடைவேளையில் தங்கை சுருதிச் சாவியோடு வருவதைப் பார்த்ததுமே அக்காவுக்கு விஷயம் விளங்கிவிட்டது. பியானோ முன்னால் உட்கார்ந்து, கட்டைகளின் மூடியைப் படாரென்று சாத்தினாள்.

“யாரைக் கேட்டு கை வைக்கற?”

“வாசிக்கப் போறவரைக் கேட்டு.”

“வாசிக்கப் போறது நானும்தான். உனக்கு மேடை கிடைக்கலைங்கற வயித்தெரிச்சலை என் பியானோவுல காட்டாதே.”

“உன் பியானோவா? உன்னுதா இருந்தா இந்நேரம் வித்திருப்பியே.”

காபி குடித்துக்கொண்டிருந்தவர்கள் கோப்பையை வாயருகே பிடித்தபடி அப்படியே நின்றார்கள்.

அக்கா எழவில்லை. காதும் கெஞ்சவில்லை. பக்கவாட்டில் போய்ப் பெரிய மூடிக்குக் கீழே உடம்பை நுழைத்தாள். கட்டைகளை அழுத்த வழியில்லாததால் கம்பிகளை நகத்தால் சுண்டிச் சுண்டிக் கேட்டாள். கட்டைக்கு மூன்று கம்பி வீதம் பன்னிரண்டு கம்பி. அவள் முழங்கை அக்காவின் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் போய்ப் போய் வந்தது. அக்கா அசையாமல், வேண்டுமென்றே மூச்சை உரக்க விட்டுக்கொண்டிருந்தாள். கடைசிக் கம்பி முடியும்போது மணி அடித்துவிட்டது.

பாட்டு ஆரம்பித்தது. எடுத்த எடுப்பிலேயே, சுருதி இறக்கிய கட்டை ஒன்றை அக்கா ஓங்கி அடித்தாள். எவ்வளவு கோரமாக இருக்கிறது பாருங்கள் என்று எல்லாருக்கும் காட்டத்தான். முன்வரிசையில் ஒருவர் சிரித்தேவிட்டார். ஊத்காரர் சிரிக்கவில்லை. அதே சுரத்தைப் பிடித்து, இழைத்து, அவளிடமே திருப்பி அனுப்பினார். அவள் மறுபடி அடித்தாள். அவர் மறுபடி வாங்கிக்கொண்டார். அரைமணி நேரம் சண்டையாகவே போனது. யாரும் இருமக்கூட இல்லை. முடிந்ததும் அறை முழுவதும் எழுந்து நின்று கைதட்டியது. சுவரோரம் நின்றிருந்த காது மட்டும் கையைக் கட்டிக்கொண்டாள். அக்கா அதைவிட நன்றாக ஒருநாளும் வாசித்ததில்லை என்று அவளுக்குத் தெரியும். வாசிக்க வைத்தது கோபம் என்பதும் தெரியும்.

வெளியே போகும்போது அக்கா நிற்காமலே சொன்னாள்: “காலையில பழையபடி ஏத்தி வை. நான் பக்கத்துல இருந்து பார்ப்பேன்.”

சொன்னபடியே மறுநாள் ஒன்பது மணிக்கு வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். காது ஒவ்வொரு கம்பியாக ஏற்றினாள். எட்டாவது கம்பியில் அக்கா வாயைத் திறந்தாள்.

“இது இன்னும் தாழ்ந்திருக்கு.”

காது சுண்டிக் கேட்டாள். மயிரிழை தாழ்ந்துதான் இருந்தது. சாவியைத் திருகிச் சரிசெய்தாள். பல்லைக் கடித்ததில் தாடை வலித்தது. மீதி நாலு கம்பியையும் ஏற்றிவிட்டுப் பையை மூடினாள். படிக்கட்டு குறுகல். யார் முதலில் இறங்குவது என்று ஒரு கணம் நின்றார்கள். தங்கை முந்திக்கொண்டாள்.