ஒரு மூக்கு நீளம்

செஞ்சியில் பெட்ரோல் பங்கில் வேலை பார்க்கிற முப்பத்தொன்பது வயதுப் பெண் ஒரு காலத்தில் பந்தயக் குதிரை ஓட்டும் ஜாக்கியாக இருந்தாள் என்றால் யாரும் நம்புவதில்லை. அதனால் நானும் சொல்லிக்கொள்வதில்லை. என் அப்பா, நைனா என்றுதான் கூப்பிடுவேன், இந்த ஊரில் நிலம் இல்லாமல் பெங்களூருக்குப் போய், பந்தயக் குதிரைகளுக்குத் தீனி வைத்து உடம்பு தேய்த்துவிடும் வேலையில் சேர்ந்தவர். நான் லாயத்தை ஒட்டிய குடியிருப்பில் வளர்ந்தேன். பதினாறு வயதில் காலைப் பயிற்சிக்குக் குதிரை ஏறினேன், இருபத்திரண்டில் லைசென்ஸ் வாங்கினேன். எட்டு வருடம் ஓட்டினேன். பெரிய பெயர் ஒன்றும் எடுக்கவில்லை. தோள்பட்டை எலும்பு இரண்டாவது தடவை உடைந்ததும் விட்டுவிட்டேன். பிறகு கல்யாணம். செஞ்சிக்கும் அவலூர்பேட்டைக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர் கணவராக வந்தார். அப்படித்தான் இந்த ஊருக்குத் திரும்பினேன்.

அந்த எட்டு வருடத்தில் ஒரே ஒரு பந்தயம்தான் என்னை விட்டுப் போகவே இல்லை. அது நான் தோற்ற பந்தயம்.

நாலு கால் பாய்ச்சலில் ஓடும் குதிரையின் தலை ஒரே நிலையில் இருக்காது. ஒவ்வொரு பாய்ச்சலுக்கும் கழுத்து ஒருமுறை முன்னால் நீளும், ஒருமுறை மடங்கிப் பின்னால் வரும். இரண்டு குதிரைகள் ஒட்டி ஓடிவந்து கோட்டைத் தொடும்போது, எதன் தலை அந்தக் கணத்தில் நீண்டிருக்கிறதோ அது ஜெயிக்கும். அன்றைக்கு நான் முன்னால்தான் இருந்தேன். பக்கத்துக் குதிரையின் மூச்சு காதில் கேட்டதும் பயந்துபோய், கோட்டுக்கு ஒரு பாய்ச்சல் இருக்கும்போது சாட்டையைத் தூக்கினேன். கை மேலே போனதும் உடம்பு நிமிர்ந்தது. உடம்பு நிமிர்ந்ததும் லகான் இழுபட்டது. குதிரையின் தலை மேலே வந்தது. ஒரு மூக்கு நீளத்தில் தோற்றோம். குதிரை ஒரு தப்பும் செய்யவில்லை. தப்பு முழுக்க என் கையில் இருந்தது.

போன கோடையில் ஒரு காலை, மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை மூட்டை ஏற்றும் மினி லாரி ஒன்று டீசல் போட பங்குக்கு வந்தது. பின்னால் மூட்டைக்குப் பதிலாக ஒரு செம்பழுப்புப் பெண் குதிரை நின்றிருந்தது. ஹாரன் சத்தத்தில் மிரண்டு பலகையை உதைத்துக்கொண்டிருந்தது. டிரைவர் கயிற்றைப் பிடித்து இழுக்க இழுக்க அது இன்னும் துள்ளியது. நான் ஏறிப்போய்க் கயிற்றைத் தளர்த்திவிட்டு, கழுத்தும் தோளும் சேரும் இடத்தில் உள்ளங்கையை வைத்து நின்றேன். கொஞ்ச நேரத்தில் அதன் தலை கீழே இறங்கியது.

முன்சீட்டில் இருந்த அம்மா இறங்கி வந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். மேல்சித்தாமூர்க்காரர், சமணக் குடும்பம், மல்லாட்டை வியாபாரம்.

"குதிர பழக்கம் உண்டாம்மா உனக்கு?"

"எட்டு வருஷம் பந்தயம் ஓட்டியிருக்கேம்மா. பெங்களூர்ல."

அவர் என் யூனிஃபார்மை மேலும் கீழும் பார்த்தார். பிறகு அங்கேயே விஷயத்தைச் சொல்லிவிட்டார். செஞ்சிக்கும் வல்லத்துக்கும் நடுவில் ஓர் ஊரில் அம்மன் கோயில் திருவிழாவுக்கு வருடா வருடம் வற்றிய ஏரிக்குள் குதிரைப் பந்தயம் நடக்கும். இன்னும் பதினோரு நாள். இவர் குதிரையை ஓட்ட வேண்டிய ஆள் பைக்கில் விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டான்.

"நீ ஓட்றியா? ஆனா ஒண்ணு. எங்க வீட்ல குதிரைய அடிக்கிறதில்ல. சாட்ட எடுக்கக் கூடாது. அடிச்சித்தான் ஜெயிக்கணும்னா அந்த ஜெயிப்பே எங்களுக்கு வேணாம்."

"சாட்டயே வேணாம்மா" என்றேன். அதை அவ்வளவு வேகமாகச் சொன்னது எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

வீட்டில் சொன்னதும் என் கணவர் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தார்.

"உனக்கு இன்னா இருவது வயசா? தோள்பட்ட மறுபடி போச்சின்னா இன்னா பண்ணுவ?"

"போவாது."

"போவாதுன்னு எலும்பு உன்கிட்ட எழுதிக் குடுத்துச்சா? எனக்கு இப்பவே டென்ஷனா இருக்குது."

ஆனால் மறுநாள் விடியற்காலையில் ஆட்டோவை எடுத்து, திருவண்ணாமலை ரோட்டில் கோட்டையைத் தாண்டி அந்த அம்மாவின் தோப்பு வரைக்கும் கொண்டுபோய் விட்டவரும் அவர்தான்.

முதல் நாள் ஐந்து நிமிடத்தில் என் தொடைகள் நடுங்க ஆரம்பித்தன. ஜாக்கி சேணத்தில் உட்காருவதில்லை. கால் வைக்கும் வளையத்தைக் குட்டையாகக் கட்டிக்கொண்டு, முட்டியை மடக்கி, குதிரையின் முதுகில் பாரம் விழாமல் குந்தியபடியே நிற்க வேண்டும். ஒன்பது வருடமாகப் பெட்ரோல் குழாய் பிடித்த உடம்பு அதை மறந்துபோயிருந்தது. மூன்றாம் நாள் பங்கின் மாடிப்படியில் ஏற முடியாமல் கைப்பிடியைப் பிடித்து ஏறினேன். ஆறாம் நாள் உடம்பு வழிக்கு வந்தது.

அதற்குள் அந்தக் குதிரையைப் பற்றி இரண்டு விஷயம் தெரிந்துகொண்டேன். ஒன்று, பக்கத்தில் இன்னொரு குதிரை இருந்தால் உயிரைக் கொடுத்து ஓடும்; முன்னால் யாரும் இல்லை என்று தெரிந்தால் காதைத் திருப்பி வேடிக்கை பார்த்துக்கொண்டு வேகத்தைக் குறைத்துவிடும். ஆகவே சீக்கிரம் முன்னுக்குப் போகவே கூடாது. இன்னொன்று, வலது பக்கம் வளைந்தால் வலது முன்னங்காலை முன்னே போட்டு ஓடும். வளைவு முடிந்து நேர்ப்பாதை வந்த பிறகும் காலை மாற்றாது. ஒரே காலில் பாரம் விழுந்து களைத்துப்போகும். நேர்ப்பாதையில் என் உடம்பின் எடையை மெல்ல இடது பக்கம் மாற்றிப் பார்த்தேன். பாயும்போதே காலை மாற்றிக்கொண்டது. மாற்றியதும் புதுக் குதிரையில் ஏறி உட்கார்ந்தது போல இருந்தது.

முந்தின வருடப் பந்தயத்தின் வீடியோவை என் கணவர் யாரிடமோ கேட்டு வாங்கிப் போனில் கொண்டுவந்தார். தொடர்ந்து மூன்று வருடம் ஜெயித்தவர் அவலூர்பேட்டைப் பக்கத்து ஆள், வெள்ளைக் குதிரை. அந்தக் கடைசி நூறு மீட்டரை இருவரும் எத்தனை தடவை பார்த்தோம் என்று கணக்கில்லை.

"இன்னா பாக்குற அப்படி?" என்றார் கணவர்.

"எந்தக் கையில அடிக்கிறாருன்னு பாரு."

"சோத்துக் கை."

"வலது பக்கம் அடி விழுந்தா குதிர எந்தப் பக்கம் ஒதுங்கும்?"

அவர் வீடியோவைத் திரும்ப ஓடவிட்டார். வெள்ளைக் குதிரை ஒவ்வொரு அடிக்கும் கொஞ்சம் கொஞ்சமாக இடது பக்கம் சாய்ந்து போனது. "அட, ஆமாம்" என்றார். அன்றிலிருந்து டென்ஷன் என்ற வார்த்தையை அவர் சொல்லவில்லை.

பந்தயத்தன்று காலையில் நான் செருப்பைக் கழற்றிவிட்டு ஏரிக்குள் நடந்தேன். ஏரி வற்றிக் கிடந்தது. பனைமரங்களுக்குப் பக்கத்தில் புறப்பட்டு, வலது பக்கமாக ஒரு வளைவு, பிறகு கரையை இடப்பக்கம் வைத்துக்கொண்டு நேராக முடிவுக் கோடு. வளைவின் உட்புறத்தில் தொடங்கி முடிவுக் கோடு வரை வலப்பக்கம் நெடுகச் சிவப்புக் கொடி நட்டிருந்தார்கள். கரையோரம் தண்ணீர் கடைசியாக வற்றிய இடம், கால் புதைந்தது. கொடியோரம் தரை இறுகி, வெடிப்பில்லாமல் இருந்தது. வெள்ளைக் குதிரைக்காரர் அடிப்பார், குதிரை இடது பக்கம் சேற்று மண்ணுக்குப் போகும், கொடியோரம் வழி திறக்கும். திறக்காவிட்டால் வேறு வழி எதுவும் நான் யோசித்து வைக்கவில்லை.

கரை முழுக்கச் சனம். ஆறு குதிரைகள். நான் ஏறியதைப் பார்த்ததும் மைக்கில் இருந்தவர், "இந்த முறை ஒரு அம்மாவும் ஓட்டுறாங்க, கை தட்டுங்க" என்றார். தட்டினார்கள், சிரித்தார்கள். வெள்ளைக் குதிரைக்காரர் என் கையைப் பார்த்தார்.

"சாட்ட எங்கமா?"

"எடுத்தாரலண்ணே."

"மறந்துட்டியா? என்கிட்ட இன்னொண்ணு இருக்குது, தரட்டா?"

கேலியாக இல்லை, நிஜமாகவே கேட்டார். வேண்டாம் என்றேன்.

புறப்படுவதற்கு அடையாளமாகத் தூக்கிப் பிடித்திருந்த துண்டு கீழே விழுந்தது. ஆறும் கிளம்பின. புழுதி வாயை அடைத்தது. இரண்டு குதிரைகள் வெறிபிடித்த மாதிரி முன்னால் போயின. போகட்டும் என்று விட்டேன். வெள்ளைக் குதிரை மூன்றாவதாக, கொடியை ஒட்டிப் போனது. நான் நேராக அதன் வாலுக்குப் பின்னால் போய்ச் சேர்ந்துகொண்டேன். முன்னால் போகிற குதிரை எதிர்க்காற்றைத் தாங்கிக்கொள்ளும். பின்னால் இருப்பதற்கு அது ஓய்வு. என் குதிரை இழுத்தது, போக வேண்டும் என்றது. லகானில் விரலை மட்டும் இறுக்கி, இரு, இரு என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.

வளைவில் முன்னால் போன இரண்டும் தளர்ந்தன. வெள்ளைக் குதிரை அவற்றைத் தாண்டியது. நானும் கூடவே தாண்டினேன். நேர்ப்பாதை வந்ததும் எடையை இடது பக்கம் மாற்றினேன். குதிரை காலை மாற்றிக்கொண்டது. கரையிலிருந்து கூச்சல் எழுந்தது. முன்னால் இருந்தவர் அக்குள் வழியாகத் திரும்பிப் பார்த்தார். என்னைப் பார்த்ததும் சாட்டையை எடுத்தார்.

முதல் அடி. வழி திறக்கவில்லை. இரண்டாவது அடி. இல்லை. என் குதிரையின் மூக்கு வெள்ளைக் குதிரையின் வாலில் இடிக்கிற தூரத்தில் இருந்தது. இடது பக்கம் சுற்றிப் போய்விடலாமா என்று தோன்றியது. போனால் சேறு. மூன்றாவது அடி விழுந்தது. வெள்ளைக் குதிரை ஓர் ஆள் அகலம் இடது பக்கம் நகர்ந்தது. நாலாவது அடியில் ஒரு குதிரை அகலம்.

விரலைத் தளர்த்தினேன். அவ்வளவுதான் செய்தேன். குதிரை அந்தச் சந்துக்குள் புகுந்தது. கொடித்துணி என் முட்டியில் படபடவென்று அடித்தது.

கழுத்துக்குக் கழுத்து ஓடினோம். பக்கத்தில் துணை இருந்ததால் என் குதிரை காதை மடக்கிக்கொண்டு பறந்தது. கோட்டுக்கு நாலு பாய்ச்சல். அதன் கழுத்து நீளும்போது என் இரண்டு கையும் கூடவே முன்னால் போயின, மடங்கும்போது கூடவே வந்தன. மூன்று. அவர் தலையும் என் தலையும் ஒரே வரிசையில் இருந்தன. இரண்டு. ஒன்று. அவர் கை மேலே போவதை ஓரக்கண்ணில் பார்த்தேன். என் பழைய பயம் திரும்ப வந்தது. கையைத் தூக்கவில்லை, இழுத்தும் பிடிக்கவில்லை. குதிரையின் கழுத்து எவ்வளவு தூரம் போகுமோ அவ்வளவு தூரம் என் கையையும் விட்டுக்கொடுத்தேன். முகம் அதன் பிடரி மயிரில் புதைந்தது. சுண்ணாம்புக் கோடு கீழே போனது.

யார் ஜெயித்தது என்று யாருக்கும் தெரியவில்லை. கரையில் பாதிப் பேர் வெள்ளை என்றார்கள், பாதிப் பேர் இல்லை என்றார்கள். கோட்டுக்கு நேராக மூங்கில் கம்பில் ஒரு போனைக் கட்டி வைத்திருந்தார்கள். விழாக் கமிட்டிக்காரர்கள் அதை எடுத்து, துண்டால் வெயிலை மறைத்து, வீடியோவை மெதுவாக நகர்த்திப் பார்த்தார்கள். நானும் அவரும் குதிரையைவிட்டு இறங்கி அவர்கள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தோம். மேல்சித்தாமூர் அம்மா கிட்டே வரவில்லை. குதிரையின் வயிற்றையும் பின்தொடையையும் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். அடிபட்ட தழும்பு தேடுகிறார் என்று எனக்குப் புரிந்தது.

திரையில் வெள்ளைக் குதிரை ஒரு விரல் முன்னால் இருந்தது. கமிட்டிக்காரர் அடுத்த படத்துக்கு நகர்த்தினார். சாட்டை மேலே இருந்தது, வெள்ளைக் குதிரையின் தலையும் மேலே இருந்தது. பக்கத்தில் என் குதிரை, தண்ணீர் குடிக்கப் போவது போலக் கழுத்தை முழுக்க நீட்டியிருந்தது. அதன் மூக்கு கோட்டின் மேல். வெள்ளையின் மூக்கு இன்னும் கோட்டைத் தொடவில்லை.

"பழுப்பு!" என்று மைக்கில் கத்தினார்கள். "பழுப்புக் குதிர! அந்த அம்மா ஜெயிச்சிட்டாங்க!"

என் கணவர் கரையிலிருந்து உருண்டு விழாத குறையாக ஓடிவந்தார். அத்தனை பேர் முன்னாலும் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "தோள்பட்ட?" என்றார்.

"இருக்குது."

வெள்ளைக் குதிரைக்காரர் இன்னும் அந்தப் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். என் பக்கம் திரும்பினார்.

"கடைசில இன்னாமா பண்ண நீ?"

"ஒண்ணும் பண்ணலண்ணே. அது கழுத்த நீட்டுச்சி, கைய விட்டுட்டேன். நீங்க கையத் தூக்கினீங்க."

அவர் தன் வலது கையைத் தூக்கிப் பார்த்தார், இறக்கிப் பார்த்தார். தோள் பின்னால் போவது அவருக்கே தெரிந்தது. "அடப்பாவி" என்று தன்னையே சொல்லிக்கொண்டு சிரித்தார். எனக்குக் கை கொடுத்தார். நல்ல மனுஷன்.

முதல் பரிசு ஓர் இரும்பு பீரோ. நாலு பேர் தூக்கி வந்து மினி லாரியில் வைத்தார்கள். வைத்த பிறகுதான் குதிரைக்கு இடமில்லை என்று தெரிந்தது. மேல்சித்தாமூர் அம்மா பீரோவைப் பார்த்தார், குதிரையைப் பார்த்தார், வாய்விட்டுச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து அதுவரை நான் பார்த்ததில்லை.

"இப்ப இன்னாம்மா பண்றது?"

"தோப்பு வரைக்கும் நான் ஓட்டிக்கினு வரேம்மா. நடை போட்டா அதுக்கும் சூடு தணியும்."

தண்ணீர் காட்டி, கால் கழுவி, வெயில் தாழ்ந்த பிறகு கிளம்பினேன். முன்னால் பீரோவோடு மினி லாரி, பின்னால் கணவரின் ஆட்டோ, நடுவில் நாங்கள் இருவரும். சேதி எங்களுக்கு முன்னால் ஊருக்குள் போய்விட்டிருந்தது. கூட்டு ரோட்டில் திருவண்ணாமலை பஸ் எங்களுக்காக ஓரம்கட்டி நின்றது. கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு, "இன்னாக்கா, ஜெயிச்சிட்டியாமே!" என்று கத்தினார். ஜன்னல் ஜன்னலாகத் தலைகள் நீண்டன. பழக்கடைக்காரப் பெண் ஒரு சீப்பு வாழைப்பழத்தைக் கொண்டுவந்து குதிரைக்கு நீட்டினாள். அது தோலோடு தின்றது.

நான் முதுகை நிமிர்த்தி, சேணத்தில் நன்றாக உட்கார்ந்துகொண்டேன். கோட்டை மலையான ராஜகிரியின் நிழல் ரோட்டின் மேல் விழுந்துகிடந்தது. அவசரமில்லாமல், நடு ரோட்டிலேயே போனோம்.